ஆகாத வாசம்

முதுகு சீட்டில் பட்டதும் எரிகிறது, முன்னால் சாய்ந்துகொள்கிறேன், பஸ் மாட்டுத்தாவணியை விட்டு வெளியே வந்து வேகம் பிடிக்கிறது, ஒவ்வொரு பிரேக்குக்கும் மறுபடி முதுகு போய்ச் சாய்கிறது, மறுபடி எரிகிறது. பக்கத்தில் ஜன்னலோரம் ஜெசிமா. "உம்மா, என் மேல சாஞ்சுக்கங்க" என்கிறாள். வேண்டாம் என்று தலையசைக்கிறேன். காலேஜுக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து என்னோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை, அது மேல் நான் என்ன சாய்வது. எரிவது பெரிதில்லை. முந்தாநாள் முதுகு முழுக்கச் சின்னச் சின்ன வட்டமாக மருந்து வைத்து பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள், குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, கீழக்கரையில் இந்த வெயிலில் வியர்க்காமல் எப்படி இருப்பது, ஃபேனுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு அதைப் பிய்த்துப் பார்த்தார் டாக்டரம்மா. குளிர்ந்த விரல் ஒவ்வொரு இடமாக நகர்ந்து வந்து ஓரிடத்தில் நின்றது. "மத்ததெல்லாம் சும்மா கிடக்கும்மா. இந்த ரெண்டு இடம் மட்டும் சிவந்து கொப்பளிச்சிருக்கு. ரெண்டுமே வாசனைதான். சென்ட்டு, பவுடரு, சோப்பு, கிரீம் எல்லாத்துலயும் போடுற வாசனை. உங்க உடம்புக்கு அது ஆகாது." பிறகு கையைக் கழுவப் போய்க்கொண்டே, "இது இன்னிக்கு நேத்து வந்ததில்லை. ரொம்ப வருஷமா இருந்திருக்கும். யாரும் கவனிச்சுப் பாக்கலை, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான். அந்தச் சொல்லில் என் மனசு மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஜெசிமா மாத்திரைச் சீட்டை வாங்கினாள், படியிறங்கினோம், ஆட்டோ பிடித்தோம், பஸ் ஏறினோம், நான் இன்னும் அந்த அறையில் முக்காடு விலகி முதுகு திறந்து உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான் என்றால் எவ்வளவு.

முதல் தடவை போனபோது டாக்டரம்மா கேட்டதையும் நினைத்துக்கொள்கிறேன். எப்பெப்ப வரும் என்றார். எல்லா டாக்டரும் கேட்பதுதான், கத்தரிக்காய் சாப்பிட்டால் வருதா, கருவாடு சாப்பிட்டால் வருதா என்று. ஜெசிமாவை வெளியே போய்த் தண்ணீர் வாங்கி வரச் சொன்னேன். அவள் போனதும் டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சொல்லுங்கம்மா." "மச்சான் லீவுல வரும்போது வரும்" என்றேன். எங்கள் பக்கம் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அவர் துபாய்ப் பக்கம் அஜ்மான்ல இருந்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க. வந்த மறுநாள் கழுத்துல ஆரம்பிக்கும். அப்புறம் கண்ணு ரெப்பை வீங்கும். கன்னம், கை மடிப்பு. அவங்க போயி பத்துப் பதினஞ்சு நாள்ல தானா அடங்கிடும், கொஞ்சம் கருப்பும் சொரசொரப்பும் மட்டும் நின்னுடும்." சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் கூசியது. என்னைப் பெற்ற உம்மாவிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததை ஒரு வெள்ளைக் கோட்டிடம் சொல்லிவிட்டேன். உம்மாவுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், ஆனால் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. மாப்பிள்ளை வந்தால் பெண்ணின் உடம்பு தடித்துப் போகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம். உடம்பு பொய் சொல்லுமா. எனக்கே தெரியாமல் எனக்குள் இன்னொரு மர்ழியா இருந்து அவரை வேண்டாம் என்கிறாளோ என்று எத்தனை தொழுகையில் கேட்டிருக்கிறேன். ரப்பே, எனக்கு அவங்களைப் பிடிக்கும், நீ அறிவாய், பிறகு ஏன் இப்படி. டாக்டரம்மா என்னை அப்படிப் பார்க்கவில்லை. ரொம்ப சாதாரணமாக, சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி, "அவர் சென்ட் போடுவாரா" என்றார்.

போடுவார். போடாமல் எந்த கல்ஃப் மாப்பிள்ளை வந்து இறங்கியிருக்கிறார். எங்கள் ஊரில் வாசனை என்பது நல்லது. வெள்ளிக்கிழமைக்கு அத்தர், கல்யாணத்துக்கு அத்தர், விருந்தாளியின் புறங்கையில் ஒரு சொட்டு அத்தர், வாசனை பூசுவது சுன்னத்து, நபி காட்டிய வழி. பீரோவைத் திறந்தால் வாசனை, விமானத்தில் வந்த பெட்டியைத் திறந்தால் தெருவுக்கே வாசனை. கத்தரிக்காயைச் சந்தேகப்பட்டோம், இறாலைச் சந்தேகப்பட்டோம், கண்ணேறு என்று ஓதிய தண்ணீர் குடித்தேன், ரத்தம் கெட்டுவிட்டது என்று லேகியம் தின்றேன், எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றுகூட ஊரே நினைத்தது. வாசனையை ஒருத்தரும் நினைக்கவில்லை. நிக்காஹ் அன்றைக்கே என் கழுத்து தடித்திருந்தது. சந்தனமும் அத்தரும் பூசி, புதுப்பெண் கமகமவென்று இருக்க வேண்டும் என்று பவுடர் கொட்டி, நகைக்குக் கீழே நெருப்பாக எரிந்தது. மச்சான் என்னை முதலில் பார்த்தபோது பார்த்தது அந்தக் கழுத்தைத்தான். "நகை குத்துதா" என்று கேட்டார். அப்போது நெய்னா என்கிற பேரைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆமா என்றேன். அவரே கொக்கியைத் தேடித் தேடிக் கழற்றினார். அதற்குப் பிறகு வந்த மாசங்கள். அவர் ராமநாதபுரத்தில் எலெக்ட்ரிக் கடையில் வேலை பார்த்த மாசங்கள். சென்ட்டும் இல்லை ஒன்றும் இல்லை, மாடியில் வெயிலில் காய்ந்த சட்டை, வேப்பங்குச்சி, வேர்வை. எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி அவர் எங்கள் தெருவில் நடந்து வருகிற செருப்புச் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். அந்த மாசங்களில் என் மேல் ஒரு தடிப்பு இல்லை. ஏன் இதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானே ஏன் சேர்த்துப் பார்க்கவில்லை. ஜெசிமா வயிற்றில் வந்தாள், விசா வந்தது, அவர் போனார்.

மானாமதுரை பாலத்தில் பஸ் ஏறுகிறது. கீழே வைகையில் தண்ணீர் இல்லை, கருவேலம்தான் மண்டிக் கிடக்கிறது. ஜெசிமா தூங்குகிறாளா, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாளா தெரியவில்லை. இந்தப் பெண்ணுக்கு வாப்பாவின் மூக்கு. அவர் அஜ்மானில் ஒரு மீன் குடோனில் வேலை பார்த்தார். ஐஸ் அறைக்குள் பெட்டி பெட்டியாக மீன் அடுக்குகிற வேலை. வீட்டில் சொல்லும்போது கம்பெனி என்பார், அவர் உம்மா, என் மாமி, அவரும் ஊரில் கம்பெனி என்றே சொல்வார். எனக்கு மட்டும் ஒரு தடவை போனில் சொன்னார், "என்ன தேச்சாலும் கையில ஒட்டிக்கிட்டு இருக்கு மர்ழியா, ரூம்ல பசங்க சிரிக்கிறாங்க." நான், "நம்ம ஊர்ல மீனுக்கு என்ன பஞ்சம், விடுங்க" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வருஷ லீவில்தான் முதல் சென்ட் வந்தது. நீலக் கண்ணாடிப் பாட்டில். வந்து இறங்கி, சலாம் சொல்லி, பிள்ளையைத் தூக்கி, குளித்து, மறுபடி குளித்து, கண்ணாடி முன்னால் நின்று கழுத்தில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, இரண்டு கையிலும் ஒவ்வொன்று, புஸ் புஸ் என்று அந்தச் சத்தம், அறை முழுக்க அது பரவும்போதே என் கண் ஓரம் கடிக்க ஆரம்பிக்கும். ஆசையாக அடித்துக்கொண்டு வருகிறவரிடம் எப்படிச் சொல்வது. எனக்கும் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தார், என் கையைப் பிடித்து மணிக்கட்டில் அவரே அடித்துவிட்டார், மறுநாள் அந்த இடத்தில் காசு அகலத்துக்குச் சிவப்பு. அதையும் கொசு கடித்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த லீவில் இன்னும் உசத்தியான பாட்டில். அதற்கடுத்த லீவில் அகில் கட்டையில் எடுக்கிற ஊது எண்ணெய். எனக்கு ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போயிற்று. கடைசி லீவில், அவர் வந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் இரண்டு கண்ணும் பாதி மூடிக் கிடந்தன. நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன், எரிச்சல் தாங்காமல்தான் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல், ரொம்பச் சன்னமாக, "இன்னும் வாடை அடிக்குதா?" இப்போதுதானே அடித்துக்கொண்டு வந்தார், சென்ட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கேட்டதே பெரிது, இப்போதாவது சொல்லிவிடலாம் என்று, "கொஞ்சம்" என்றேன். அவர் எழுந்து போனார். குழாய் திறக்கிற சத்தம். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. மறுபடி அந்தப் புஸ் புஸ். வந்தவர் கட்டிலுக்கு வரவில்லை, ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். நான் வீங்கின கண்ணோடு யோசித்தேன், சொல்லியும் மறுபடி அடிக்கிறாரே, என் மேல் கோபமா, வேண்டுமென்றே செய்கிறாரா. மறுநாளிலிருந்து அவர் மாமி வீட்டில்தான் அதிகம் இருந்தார். சாப்பாட்டுக்கு வருவார், போவார். லீவு முடியும் முன்னேயே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதுதான் கடைசி. அஜ்மானில் அறையில் படுத்தவர் விடிகாலை சுபுஹு தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். அங்கேயே அடக்கினார்கள். கூட இருந்த ஒருத்தர் போனில் காட்டினார், கஃபன் துணிக்கு நடுவில் முகம், படம் நின்று நின்று வந்தது, ஒரு தடவை நின்றபோது அவர் என்னைப் பார்ப்பது மாதிரி நின்றது. பிறகு இத்தா. புருஷன் மவுத்தானவள் நாலு மாசத்துக்கு மேல் வெளியே வராமல், நகையில்லாமல், மையில்லாமல், எந்த வாசனையும் தொடாமல் இருக்கிற காலம். வாசனைச் சோப்பை எடுத்து வைத்தேன், பவுடரை எடுத்து வைத்தேன், முகத்துக்குப் போடுகிற கிரீமை ஜெசிமா எங்கேயோ போட்டாள், தலைக்கு வெறும் தேங்காய் எண்ணெய். இருட்டு அறையில் ஓதிக்கொண்டு கிடந்தேன். ஒருநாள் தொழுகைக்கு முன்னால் ஒளூ செய்யத் தண்ணீர் எடுக்கும்போது என் கழுத்து என் கைக்கு மெத்தென்று பட்டது. கல்யாணத்துக்கு முந்தின கழுத்து மாதிரி. பார்க்க வந்த பெண்டுகள் முகத்தில் நூர் இறங்கியிருக்கு என்றார்கள், இபாதத்தின், வணக்கத்தின் வெளிச்சம் என்றார்கள். ஒருத்தி மட்டும் வாசல் பக்கம் போய் இன்னொருத்தியிடம், "புருஷன் போனப்புறம்தான் முகமே தெளிஞ்சிருக்கு, பாத்தியா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது. கூடத்தில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்த மாமிக்கும் கேட்டது. மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கண்ணை, கன்னத்தை, கழுத்தை, ஒவ்வொன்றாக. எழுந்து துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒரே மகனைப் பறிகொடுத்தவர், அவன் போனதில் மருமகள் முகம் தெளிந்தது என்று நினைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நானும் கண்ணாடியில் பார்த்து அதையேதான் நினைத்தேன்.

இத்தா முடிந்து கொஞ்ச நாளில் பை வந்தது. அவரோடு அறையில் இருந்தவர் லீவில் வரும்போது தூக்கி வந்தார். சட்டைகள், கைலி, தொப்பி, சவரச் சாமான், பாதி இருந்த பாட்டில். ஜிப்பைத் திறந்ததும் அவர் எழுந்து வந்து எதிரில் நின்ற மாதிரி இருந்தது. அழுகை அப்போதுதான் வந்தது, போனில் முகம் பார்த்தபோது வராத அழுகை. ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன், அன்றைக்கு அதைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தேன், அடுத்த நாளும். மூன்றாம் நாள் கண் திறக்க முடியவில்லை. ஒரு பக்கக் கன்னம் நீர் வைத்து வெடித்தது. மவுத்தான பிறகும் விடவில்லை, அவர் சட்டையைக்கூட என் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை என்று நினைத்தபோது எனக்கு வந்த பயத்தை யாரிடமும் சொல்ல முடியாது. ஜெசிமாதான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இன்றைக்கு டாக்டரம்மாவிடம் அவளே கேட்டாள், "வாப்பா டிரெஸ்ஸை என்ன செய்யணும்?" "துவைச்சு வெயில்ல போட்டு வாசனை சுத்தமாப் போனப்புறம் வச்சுக்கலாம். இல்லன்னா வீட்டுல வேண்டாம்மா, யாருக்காவது கொடுத்துருங்க." ஜெசிமா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். துவைத்தால் அதில் என்ன இருக்கும். துணி இருக்கும். துணிக்கடையிலும் துணி இருக்கிறது. துவைக்காவிட்டால் அந்தப் பை இருக்கிற வீட்டில் நான் இருக்க முடியாது. பை அங்கே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, நான் பஸ்ஸில் அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன். துவைக்கலாம். வேண்டாம். ஒன்றை மட்டும் துவைக்காமல் வைத்துக்கொள்ளலாமா. ஒன்று போதுமே கண்ணை மூட.

பரமக்குடியில் கூட்டம் ஏறுகிறது. நடுவயசுக்காரர் ஒருவர், ஏதோ விசேஷத்துக்குப் போகிறவர் போல மடிப்பு கலையாத சட்டை, எங்களுக்கு முன் சீட்டில் வந்து உட்கார்ந்ததும் குப்பென்று ஒரு வாசனை பின்னால் வருகிறது. மூக்குக்கு முன்னால் கண்ணுக்குத்தான் எனக்கு எட்டுகிறது. ரெப்பைக்குள் மணல் விழுந்த மாதிரி. முக்காட்டை இழுத்து மூக்கை மூடுகிறேன். இதே, கிட்டத்தட்ட இதே வாசனைதான், அந்த நீலப் பாட்டில். மூடவும் வேண்டும், இன்னொரு தடவை இழுக்கவும் வேண்டும் என்று இருக்கிறது, எனக்கு வெட்கமாக இருக்கிறது, முன்பின் தெரியாத ஆளின் சட்டையிலிருந்து. ஜெசிமா கண்ணைத் திறந்துவிட்டாள். "உம்மா, ஜன்னல் பக்கம் நீங்க வாங்க." இடம் மாறுகிறோம். காற்று முகத்தில் அடிக்கிறது, மிளகாய் காய்கிற காட்டம், புழுதி. கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஒண்ணு கேக்கவா" என்கிறாள். கேள் என்கிறேன். "வாப்பா வந்தா நீங்க அழுதுகிட்டே இருப்பீங்கன்னு நான் நினைச்சிருந்தேன். சின்ன வயசுல. எப்பப் பாத்தாலும் கண்ணு வீங்கி, செவந்து. வாப்பாதான் ஏதோ சொல்லி உங்களை அழ வைக்கிறாங்கன்னு." நான் அவள் பக்கம் திரும்புகிறேன். "அதான் நான் வாப்பாகிட்டப் போறதே இல்ல. கூப்பிட்டாலும் போக மாட்டேன்." அவள் குரலில் ஒன்றும் இல்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்கிறாள், கை மட்டும் துப்பட்டா முனையைத் திருகித் திருகி நூல் பிரிக்கிறது. அவர் சாக்லேட் டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்பதும் இவள் கதவுக்குப் பின்னால் பாதி முகத்தோடு நிற்பதும் எனக்குத் தெரிகிறது, அதைப் பார்த்து நான் சிரித்தது தெரிகிறது, கூச்சம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் பிள்ளைக்குக் கூச்சமிருக்காதா என்று. "போக மாட்டேன்னா, ஒரே ஒரு தடவை போனேன். கடைசி லீவுல. வாப்பா கிணத்தடியில எலுமிச்சம்பழத்தை வச்சுக் கையைத் தேச்சுக்கிட்டே இருந்தாங்க. தோலெல்லாம் வெள்ளையாப் போச்சு. என்னைப் பாத்துட்டு கையை நீட்டி, 'மோந்து பாரும்மா, இன்னும் மீன் வாடை அடிக்குதா'ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. எலுமிச்சம்பழம்தான் இருந்துச்சு. இல்ல வாப்பான்னேன். 'உங்க உம்மாவுக்கு இன்னும் அடிக்குதாம்'ன்னாங்க."

பஸ் போய்க்கொண்டிருக்கிறது. யாரோ கண்டக்டரிடம் சில்லறை கேட்கிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது. இன்னும் வாடை அடிக்குதா. கொஞ்சம். இன்னும் வாடை அடிக்குதா. கொஞ்சம். இன்னும் என்றார். இன்னும் என்று ஏன் சொன்னார் என்று நான் ஏன் யோசிக்கவில்லை. புதிதாக அடித்த சென்ட்டை யாராவது இன்னும் என்பார்களா. ஒவ்வொரு லீவிலும் நான் முகத்தைத் திருப்புவதைப் பார்த்து, தன் உடம்பில்தான் நாற்றம் என்று நினைத்து, அதை மூட இன்னும் கொஞ்சம், இன்னும் உசத்தியாக, இன்னும் அழுத்தமாக, நான் இன்னும் திரும்பி, அவர் இன்னும் பூசி. எனக்கு அந்த மீன் வாடை ஒரு நாளும் அடித்ததில்லை மச்சான். அடித்திருந்தாலும் எனக்கென்ன. கடற்கரையில் பிறந்தவளுக்கு மீன் ஒரு வாடையா. நீங்கள் குளிக்காமல் ஐஸ் அறையிலிருந்து அப்படியே எழுந்து வந்து படுத்திருந்தால் என் தோல் உங்களைத் தாங்கியிருக்கும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மூச்சு. அன்றைக்குக் குழாய் ஓடிக்கொண்டிருந்ததே, அந்த நேரத்தில் எழுந்து போய்க் கதவைத் தட்டி, எதைக் கேட்டீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால். அவர் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவு, திறக்கிற கதவுதான். "உம்மா" என்கிறாள் ஜெசிமா, "உம்மா, எல்லாரும் பாக்குறாங்க." அப்போதுதான் நான் அழுவது எனக்குத் தெரிகிறது. சத்தமாகவே அழுதிருக்கிறேன் போல. முன் சீட்டுக்காரர் திரும்பி, தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். நல்ல மனுஷர். ஜெசிமா வாங்கி எனக்குக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருக்கிறாள், அவர் கை பட்ட பாட்டில் எனக்கு ஆகுமா ஆகாதா என்று தெரியாமல். பிறகு என் தோளைப் பிடித்துத் தன் மேல் சாய்த்துக்கொள்கிறாள். முதுகு அவள் கையில் எரிகிறது. நான் எடுக்கச் சொல்லவில்லை.

ராமநாதபுரத்தில் பஸ் மாறி, கீழக்கரையில் இறங்கும்போது அஸர் தொழுகைக்குப் பிந்தின சாயங்கால வெயில் தெருவில் சாய்ந்து கிடக்கிறது. வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் என் கால் நேரே போகிறது. "உம்மா?" "மாமி வீட்டுக்கு" என்கிறேன். போய் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாது. உங்கள் மகனை நான் வெறுக்கவில்லை என்றா. என் தோல்தான், நான் இல்லை என்றா. நம்புவாரா, மதுரை டாக்டர் சொன்னார் என்றால் நம்புவாரா. கதவு திறந்திருந்தது. மாமி கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முறம் மட்டும் நின்றது. இளைத்துப்போயிருந்தார். நான் உட்காராமல், நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். சென்ட்டு, பிளாஸ்திரி, முதுகு, நிக்காஹ் அன்றைக்குத் தடித்த கழுத்து, எலுமிச்சம்பழம், வாடை அடிக்குதா என்று அவர் கேட்டது, நான் கொஞ்சம் என்றது. முன்னும் பின்னுமாகச் சொன்னேன். மாமி முகம் அசையவில்லை. முடித்த பிறகு, "முதுகைக் காட்டு" என்றார். ஜெசிமா கதவைச் சாத்தினாள். நான் திரும்பி நின்று ரவிக்கையைத் தளர்த்தினேன். பிறகு, "இதுக்குத்தானா" என்று ஒரு குரல், மாமியின் குரல் மாதிரியே இல்லை. "இதுக்குத்தானா அவன் இந்த வீட்டுல வந்து படுத்துக்கிட்டு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு இருந்தான். நான் என்னடான்னு கேட்டா, ஒண்ணுமில்ல உம்மா, அவளுக்கு நான் ஒத்துவரல்லன்னான். நான் உன்னைச் சபிச்சேன் மர்ழியா. தினம் சபிச்சேன்." நான் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு திரும்பினேன். நானும் என்னைச் சபித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னேன். அவர் முறத்தைத் தள்ளி வைத்தார். இரண்டு பேரும் அழவில்லை, அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அவன் துணியெல்லாம் என்ன செஞ்சே" என்றார் கொஞ்சம் கழித்து. டாக்டர் சொன்னதை ஜெசிமா சொன்னாள், துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்துவிட வேண்டும். "துவைக்காதே" என்றார் மாமி. உடனே, கிட்டத்தட்ட அதட்டலாக. "துவைக்க வேண்டாம். எங்கிட்டக் கொண்டாந்து குடு. எனக்கு ஒண்ணும் செய்யாது, கிழத் தோலு." பிறகு கையை மடியில் பார்த்துக்கொண்டு, "பை வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். கேக்கணும்னு இருந்துச்சு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பேன்" என்றார். ஜெசிமா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் வீட்டுக்குப் போய், பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், என்னைத் தாண்டும்போது என் பக்கத்துக் கையிலிருந்து அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டாள். மாமி அதை மடியில் வாங்கி ஜிப்பைத் திறக்கப் பார்த்தார், அது அவருக்குப் பழக்கமில்லாத ஜிப்பு, மாட்டிக்கொண்டது, ஜெசிமா குனிந்து திறந்துவிட்டாள். மேலே இருந்தது அந்த வெள்ளைக் கோடு போட்ட சட்டை, நான் தலைக்கு வைத்துப் படுத்தது. மாமி அதை விரித்துப் பார்க்கவில்லை. அப்படியே மடிப்போடு எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தம் துணிக்குள்ளேயே போயிற்று. கூடம் முழுக்க மச்சானின் வாசனை எழுந்தது. என் கண் கடிக்க ஆரம்பித்தது, ஆனாலும் எனக்கு மாமி பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போல இருந்தது, ஒரு எட்டு எடுத்து வைத்தேன். என் காலடி கேட்டிருக்க வேண்டும். மாமி முகத்தை எடுக்காமலே ஒரு கையை மட்டும் என் பக்கம் நீட்டித் தடுத்தார்.

"கிட்ட வராதே புள்ள" என்றார். "உனக்கு ஆகாது."

நான் நிலைப்படிக்குப் போய், காற்று வருகிற பக்கமாக நின்றுகொண்டேன்.